வடக்குக் கதவு

சென்னகிருஷ்ணனின் வெள்ளைச் சட்டையில், முழுக்கையின் பொத்தான் பக்கம், ஒரு பஞ்சுத் துணுக்கு ஒட்டியிருந்தது. விரலால் சுண்டிவிட்டார். பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளக் கூடத்துக்குள் பஞ்சு வர வழியே இல்லை. சன்னல் இல்லாத, நாள் முழுக்க ஏசி ஓடுகிற கூடம் அது. கண்காட்சிக்கென்று சொல்லிவைத்த பஞ்சுப் பொதிகள் திங்கட்கிழமைதான் வருகின்றன. சுண்டிய துணுக்கு தரைக்கு இறங்கவில்லை. அவர் மூக்கு உயரத்தில் ஒரு கணம் நின்று, யாரோ மெல்ல ஊதிவிட்டதுபோல, கூடத்தின் வடக்கு மூலையை நோக்கிப் போயிற்று.

"என்னங்க அய்யா பாக்கறீங்க?" என்றாள் சண்முகப்ரியா. நூலகத்தின் துணை நூலகர். கண்காட்சிப் பொறுப்பு அவளுடையது.

"ஒண்ணுமில்லீங்க அம்மணி. கூடத்த இன்னொருக்காக் கூட்டச் சொல்லுங்க."

கண்காட்சியை முன்மொழிந்தவரே அவர்தான். எட்டு மாதங்களுக்கு முன் துணைவேந்தருக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதினார். கோவையின் பஞ்சாலை வாழ்க்கையைப் பற்றி இந்தக் காலத்து மாணவர்களுக்கு ஒன்றும் தெரிவதில்லை. எங்கள் குடும்பத்தில் எல்லாப் பொருளும் பத்திரமாக இருக்கிறது. இடம் மட்டும் நீங்கள் கொடுத்தால் போதும். கடிதத்தில் எழுதாத காரணம் ஒன்றும் இருந்தது. பேத்தி ஹர்ஷிணிக்கு வரன் பேசப் போன இடத்தில், பையனின் பெரியப்பா காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஓ, ஏழு பொம்பளைங்க வெந்து போனாங்களே, அந்த மில்லுங்களா?" என்று கேட்டார். ஐம்பத்தைந்து வருஷம். மில் மூடி, இடம் கைமாறி, அங்கே இப்போது பதினோரு மாடிக் குடியிருப்பு நிற்கிறது. எல்லாம் போன பிறகும் அந்த ஒரு பேச்சு மட்டும் போகவில்லை. அதற்கு ஒரு பதில், பல்கலைக்கழகத்தின் முத்திரையோடு, அச்செழுத்தில், கண்ணாடிக்குள் நிற்க வேண்டும். எழுபத்து நான்கு வயதில் அவருக்கு மிச்சமிருந்த வேலை அது ஒன்றுதான்.

பதில் என்ன என்பதும் ஊரறிந்தது. தீப்பிடித்த மிக்ஸிங் அறைக்கு இரண்டு கதவுகள். தெற்கே ஒன்று, வடக்கே ஒன்று. வடக்குக் கதவு திறந்துதான் இருந்தது. அந்தப் பெண்கள் பதற்றத்தில் அதைக் கவனிக்கவில்லை. விசாரணைக்கு வந்த அதிகாரி அப்படித்தான் எழுதினார். தீயில் விரிசல் விட்ட வடக்குச் சுவரை அவர் வருவதற்கு முன்பே இடித்துத் தள்ளியிருந்தார்கள். ஆகவே அதிகாரி பார்த்தது வரைபடத்தைத்தான். பத்தொன்பது வயதுச் சென்னகிருஷ்ணன் கறுப்பு மையில் வரைந்து கையெழுத்திட்ட அந்தப் படம் இப்போது சட்டம் போட்டுக் கூடத்தின் வாசலில் தொங்கியது.

அதன்படியே கூடத்தின் மூலையில் மிக்ஸிங் அறையை அசல் அளவில் எழுப்பியிருந்தார்கள். பொதியைப் பிரித்து, பஞ்சிலிருந்து கொட்டையும் இலைத்தூளும் பொறுக்குகிற அறை. இரும்புச் சட்டத்தில் இரட்டைப் பிளைவுட் சுவர், மேலேயும் பிளைவுட் கூரை, உள்ளே ஒரு டியூப்லைட், ஒரு நீளப் பலகை. தெற்கு வாசலுக்கு மட்டும் மில்லின் அசல் கதவு. தீயில் தப்பிய பர்மாத் தேக்கு. இத்தனை வருஷமும் அவர் வீட்டு ஷெட்டில் சாக்குப் போட்டு மூடிக் கிடந்தது. உட்பக்கத்துக் கரியை அப்போதே இழைத்து எடுத்துவிட்டதால் கதவு ஒரு விரற்கடை மெலிந்திருந்தது. வெளிப்பக்கத்தில் முழங்கை நீளத்துக்கு இரும்புத் தாழ்.

தச்சர் கரீம் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டே கேட்டார். "ஏனுங்க அய்யா, எனக்கொரு சந்தேகம். இந்த வடக்குக் கதவத் தொறந்தா எங்கீங்க போறது? பின்னால கூடத்துச் செவுருங்க. மூக்குத்தான் ஒடையும்."

"தொறக்க வேண்டாம். பார்வைக்கு இருந்தாப் போதும்."

"அப்போ கீலு வேண்டாங்களா?"

"வேண்டாம்."

"கைப்பிடி?"

"கைப்பிடி வெச்சாச்சல்ல. இருக்கட்டும்."

"இழுத்துப் பாக்கறவன் பூராம் என்னையத்தானுங்க வைவான்" என்று சிரித்துக்கொண்டு கரீம் கிளம்பினார்.

சண்முகப்ரியா சிரிக்கவில்லை. அவள் கையில் இரண்டு தாள்கள் இருந்தன. விளக்கப் பலகைகளுக்கான வாசகங்கள். முதல் தாள் அவர் எழுதிக் கொடுத்தது. இரண்டாவதை அவள் நீட்டியபோது அவர் வாங்காமல், நின்ற இடத்திலிருந்தே படித்தார். 'மாரியாத்தாள், வயது 81, சூலூர். தீயில் இறந்த தெய்வாத்தாளின் தங்கை. அதே அறையில் முந்தின ஷிப்டில் வேலை பார்த்தவர். அவர் சொல்வது: கதவு ஒண்ணுதானுங்க. மில்லுச் சங்கு ஊதற வரைக்கும் வெளியே தாழ் போட்டிருப்பாங்க.'

"இது எதுக்கு?"

"ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சரலாமுங்க அய்யா. படிக்கறவங்க முடிவு பண்ணட்டும்."

"யாரோ ஒரு கெழவி சொல்றதும் எங்க நாயனா சொன்னதும் ஒண்ணுங்களா?" வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம், அப்பா அவருக்கு நாயனா. அந்தச் சொல்லை வெளியாள் முன்னால் அவர் வாய்தவறிக்கூடச் சொல்வதில்லை. இன்று வந்துவிட்டது. "இத வெச்சீங்கன்னா எங்க சாமான் அத்தனையும் நாளைக்கே லாரி வெச்சு எடுத்துக்குவேன்."

"தாராளமா எடுத்துக்கங்க. ஆனா உங்க படத்த மாட்டிப்போட்டு மாரியாத்தாவ மட்டும் எடுன்னா என்னால ஆகாதுங்க." குரல் உயரவில்லை. "தாழு வெளிப்பக்கம் இருக்குதுங்களே அய்யா. நீங்க குடுத்த கதவுதானுங்க."

"பஞ்சு களவு போகாம இருக்கறதுக்கு."

"அந்த வடக்குக் கதவுல நீங்க எப்பவாச்சும் நடந்திருக்கீங்களா?"

"எங்க மில்லு அம்மணி. எத்தன கதவுன்னு எனக்குத் தெரியாதா?"

"அதத்தானுங்க நானும் கேட்டேன்."

இரண்டு தாளையும் அவள் மிக்ஸிங் அறைக்குள் இருந்த நீளப் பலகையின்மேல் வைத்தாள். திங்கட்கிழமை குழு கூடுகிறது. இரண்டுக்கும் சேர்த்துக் கையெழுத்திட்டால் கண்காட்சி உண்டு, இல்லையென்றால் இல்லை. சூலூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு போனாள். அவள் செருப்புச் சத்தம் படியேறித் தேய்ந்தது. மணி நாலரை.

கையெழுத்திடாத தாளோடு எழுந்து போவது தோற்றுப் போனதுபோல் இருக்கும் என்று அவர் அறைக்குள் அந்தப் பலகையிலேயே முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டார். பேனாவை எடுத்தார். செல்போன் மேலே கவுண்டரில் இருந்தது. உள்ளே கொண்டுவரக் கூடாது என்பது நூலக விதி, விதியை மீறுகிற வழக்கம் அவருக்கு இல்லை. கூடத்தில் ஏசியின் இரைச்சல் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்கு அடியில், கொஞ்சம் தாமதமாக, வேறொன்றும் ஓடுவதை அவர் காது பிடித்தது. பல பேர் ஒன்றாக உட்கார்ந்து பஞ்சைப் பிய்க்கும்போது வருகிற, சத்தம் என்று சொல்ல முடியாத அந்த மெல்லிய பொருபொருப்பு. கூடவே வாசனை. புதுப் பிளைவுட்டின் பசை நெடியைத் தள்ளிக்கொண்டு பச்சைப் பஞ்சின் வாசம், கொட்டை நசுங்கிய எண்ணெய் வாசம், அதற்கும் பின்னால் தேங்காயெண்ணெய் தடவிய தலையின், வெற்றிலையின், வேர்த்த ரவிக்கையின் வாசம்.

யாரோ இருமினார்கள்.

மிக்ஸிங்காரர்களின் இருமல். வறண்டு, சின்னதாக, அடுத்தவருக்குத் தொந்தரவு இல்லாமல் முந்தானைக்குள் இருமுவது. சின்ன வயதில் அந்த அறையைத் தாண்டிப் போகிற போதெல்லாம் கேட்டது.

"யாரது?"

பொருபொருப்பு நின்றுபோயிற்று. கைவேலையை நிறுத்திவிட்டு எல்லோரும் நிமிர்ந்து பார்த்ததுபோல.

அவர் தாள்களைப் பார்த்தார். இரண்டின் மேலும் பஞ்சு படிந்திருந்தது. ஊதினார். மறுபடி படிந்தது. டியூப்லைட்டின் வெளிச்சத்தில் அறை முழுக்க அது இறங்கிக்கொண்டிருந்தது. கூரையிலிருந்து அல்ல, எங்கிருந்து என்று சொல்ல முடியாமல், நிதானமாக, புருவத்தில், காது மடலில், உதட்டில். எழுந்தார். இது போதும். கதவுப் பக்கம் இரண்டடி வைத்தார்.

தேக்குக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. காற்றில் அடித்த மாதிரி அல்ல. வேலை தெரிந்த ஒரு கை சாத்துவதுபோல, சத்தமில்லாமல். அப்புறம் அந்தச் சத்தம். இரும்பில் இரும்பு உரசி, குழிக்குள் போய், கடைசியில் ஒரு முறை தட்டி உட்கார்கிற சத்தம்.

அது அவருக்குத் தெரிந்த சத்தம். தீப்பிடித்த அந்த மாதம் முழுக்க அவர் கை செய்த சத்தம்.

கல்லூரி விடுமுறையில் வந்திருந்த மகனுக்கு நாயனா கொடுத்த முதல் பொறுப்பு அது. ஷிப்டு முடிகிற நேரத்தில் பெண்கள் சங்குக்கு முன்னால் எழுந்துவிடாமல் இருக்கக் கடைசி அரைமணி நேரம் தாழ் போட வேண்டும். சங்கு ஊதினதும் எடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. அன்றைக்குச் சங்குக்கு முன்பே கதவின் அடியில் புகை வந்தது. உள்ளேயிருந்து தட்டினார்கள். அவர் தாழைப் பிடித்தார். சுட்டது. கையை எடுத்துவிட்டார். இன்னொரு முறை வைத்தார். தொடும் முன்பே எடுத்துவிட்டார். வேட்டியைச் சுற்றிக்கொண்டு இழுத்திருக்கலாம். அந்த யோசனை ஐம்பத்தைந்து வருஷமாகத் தினம் வருகிறது, அன்றைக்கு வரவில்லை. ஆபீசிலிருந்து நாயனாவும் ஆட்களும் ஓடிவந்தார்கள். "உள்ளே ஆள் இருக்கா?" என்று நாயனா கத்தினார். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, முதலாளி மகன் சுட்ட கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சொன்னான்: "வடக்குக் கதவு வழியாப் போயிட்டாங்க நாயனா."

வடக்கே கதவு கிடையாது. மில்லைக் கட்டியவருக்கு அது தெரியும். நாயனா ஒரு கணம் அவனைப் பார்த்தார். அந்த ஒரு கணம்தான். பிறகு ஆட்களைப் பார்த்துத் திரும்பி, "கேட்டீங்களா? குடோனுக்குப் பரவாமப் பாருங்க" என்றார். மூன்று நாள் கழித்து, சுவரை இடித்த பிறகு, தாளும் மையும் கொண்டுவந்து மகன் முன்னால் வைத்தார். என்ன வரைய வேண்டும் என்று சொல்லவில்லை. சாகிற வரைக்கும் அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை.

சென்னகிருஷ்ணன் தேக்குக் கதவைத் தள்ளினார். அசையவில்லை. தோளால் இடித்தார். பிளைவுட் சுவர் அதிரவில்லை. செங்கல் சுவர்போல ஊமையாக நின்றது. "ஏனுங்க! யாராச்சும் இருக்கீங்களா?" பஞ்சு தொண்டைக்குள் போயிற்று. இருமினார். வறண்ட, சின்ன இருமல்.

முதுகுக்குப் பின்னால் இன்னொருவர் இருமினார்.

அவர் திரும்பவில்லை.

படியில் பூட்ஸ் சத்தம். "யாருங்க உள்ள?" காவலாளி சென்னிமலை. நூலகம் பூட்டும் முன் ஒவ்வொரு தளமாகப் பார்த்து வருகிறவன்.

"நான்தாம்பா. சென்னகிருஷ்ணன். தாழ எடு."

"அய்யாங்களா! யாருங்க இதப் போட்டது?" இரும்பு முனகியது. ஒரு முறை. இரண்டு முறை. "அப்பாடி! என்னங்க இது இந்தச் சூடு சுடுது? லைட்டு வயரு ஏதாச்சும் பட்டிருச்சுங்களா? கையே வெக்க முடியலீங்க."

"துணி போட்டுப் புடி."

"எறுகிப் போச்சுங்கய்யா." மூச்சு வாங்கினான். பிறகு அவன் குரல் கொஞ்சம் விலகிப் போனது. வாசலில் தொங்கிய சட்டத்தின் பக்கம். "அட, எதுக்குங்க இந்தச் சிரமம்? மேப்புல வடக்கால இன்னொரு கதவு போட்டிருக்குதுங்களே. அதுல வந்துருங்க."

சென்னகிருஷ்ணன் வாயைத் திறந்தார்.

மூன்று சொல். அங்கே கதவு இல்லை. சொன்னால் சென்னிமலை கடப்பாரை கொண்டு வருவான். ஐந்து நிமிடத்தில் பிளைவுட்டைப் பிளந்துவிடுவான். திங்கட்கிழமை காலையில் எல்லோரிடமும் சொல்வான், சிரித்துக்கொண்டே சொல்வான்: அய்யாவே சொன்னாருங்க, அங்க கதவே இல்லையாமா. சண்முகப்ரியா சிரிக்காமல் கேட்டுக்கொள்வாள். வாசலில் தொங்குகிற படத்தின் கீழ் அவர் கையெழுத்து, அதோடு நாயனாவின் பெயர். ஹர்ஷிணியின் வீட்டுப் பெயர்.

பின்னால் யாரும் இருமவில்லை. யாரும் மூச்சுக்கூட விடவில்லை. அவர் என்ன சொல்லப் போகிறார் என்று காத்திருக்கிற அமைதி.

"அய்யா? இருக்குதுங்கல்ல?"

"இருக்குது" என்றார். குரல் நடுங்கவில்லை. "அதுலயே வந்துக்கறேன். நீ போப்பா."

"செரிங்க. நான் கேட்டுல நிக்கறேனுங்க."

பூட்ஸ் படியேறியது. ஒவ்வொரு படியும் கேட்டது. கடைசிப் படி. கண்ணாடிக் கதவு. அதற்குப் பிறகு ஏசியின் இரைச்சலும் இல்லை.

அவர் கை வைத்திருந்த தேக்கு சூடேறியது. புதிதாகப் பூசிய வார்னிஷ் குமிழிட்டு மணத்தது. கதவின் அடியில், செருப்பின்மேல், சாம்பல் நிறத்தில் ஏதோ நுழைந்தது. கையை எடுத்துவிட்டார்.

திரும்பினார்.

வெளிச்சம் நன்றாகவே இருந்தது. டியூப்லைட் மினுக்கக்கூட இல்லை. வடக்குச் சுவரில் கரீம் பொருத்திய கதவின் முன்னால் அவர்கள் நின்றிருந்தார்கள். ஏழு பேர். வரிசையாக, அவருக்கு முதுகு காட்டி, சங்கு ஊதக் காத்திருப்பவர்களைப் போல. கொண்டைகளில் பஞ்சு. முந்தானையை வாயில் பொத்தியபடி. யாரும் தள்ளவில்லை. யாரும் முந்தவில்லை.

கடைசியில் நின்றவள் ஒதுங்கினாள். அடுத்தவள் ஒதுங்கினாள். ஒவ்வொருத்தியாக. வழி விட்டார்கள். முதலாளி வீட்டு ஆளுக்கு விடுகிற வழி. முகம் நிமிரவில்லை.

"வாங்க சின்ன மொதலாளி" என்றாள் ஒருத்தி. தாழ்ந்த, பணிவான குரல். கருகிய குரல். "நீங்க வருவீங்கன்னுதானுங்க நின்னுட்டிருக்கறோம்."

பின்னால் சூடு. முதுகுச் சட்டை ஒட்டியது. நடந்தார். நிமிர்ந்துதான் நடந்தார். இரண்டு பக்கமும் சேலைகள் அவர் கைகளில் உரசின. உரசிய இடத்தில் துணி உதிர்ந்தது.

கைப்பிடி. இழுத்தார். வரவில்லை.

தள்ளினார். இரண்டு கையாலும்.

"இன்னுங் கொஞ்சம் தள்ளுங்க" என்றது காதருகில். "நீங்க வரஞ்ச கதவுதானுங்க."

அவர் கைக்குப் பக்கத்தில் இன்னொரு கை வந்து படிந்தது. கண்ணாடி வளையல் உருகி மணிக்கட்டோடு ஒட்டிய கை. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அவர் தோளுக்கு மேலே. அக்குளுக்கு அடியில். மெல்ல, மரியாதையாக, அவர்மேல் படாமல் இருக்கப் பார்த்துக்கொண்டு. அப்புறம் இடமில்லை. அப்புறம் பட்டன. முதுகில் ஏழு பேரின் பாரம் சாய்ந்தது. கன்னம் பலகையில் அழுந்தியது. பலகைக்குப் பின்னால் சிமெண்ட்.

பதினாறு கைகள் தள்ளிக்கொண்டிருந்தன.